மீட்டரில் 1.15, ஆன்டெனாவில் இரண்டரை வாட்: எஸ்டபிள்யூஆர் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

ரேடியோவின் பின்புறம் இணைத்த மீட்டரில் எஸ்டபிள்யூஆர் (SWR: ஆன்டெனா கேபிளோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண், 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.15. அனுப்பும் பவர் 50 வாட். பார்த்த எவரும் ஆன்டெனா அருமையாக வேலை செய்கிறது என்றுதான் சொல்வார்கள். ஆனால் மழைக்காலத்துக்கு முன்பு தெளிவாகத் திறந்த ரிப்பீட்டர் (நம் சிக்னலை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் நிலையம்) இப்போது விட்டுவிட்டுத்தான் திறக்கிறது. பேசுபவரின் குரல் பாதியில் அறுந்து போகிறது. அந்தப் பக்கத்திலிருந்து வருவதும் இரைச்சலில் மூழ்கிக் கேட்கிறது.

கடலோர ஊர்களில் உள்ள 2 மீட்டர் பட்டை (145 மெகாஹெர்ட்ஸ் வட்டாரம்) ஹாம் நிலையங்களில், அதாவது அமெச்சூர் வானொலி நிலையங்களில், அடிக்கடி தலைகாட்டும் கோளாறு இது. எஸ்டபிள்யூஆர் என்ற சொல் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவே இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு கிடையாது. அதனால் அத்தகைய ஒரு நிலையத்தின் அமைப்பை எடுத்துக்கொண்டு, எண்களோடு முழுவதுமாகப் பிரித்துப் பார்ப்போம்.

நிலையத்தின் அமைப்பு

தரைத்தளத்து அறையில் 50 வாட் எஃப்எம் ரேடியோ. மொட்டை மாடியில் 145 மெகாஹெர்ட்ஸுக்கு வெட்டிய கால் அலை கிரவுண்ட் பிளேன் ஆன்டெனா: நடுவில் சுமார் 49 செ.மீ. நிமிர்ந்த கம்பி, அடியில் படுக்கையாக நான்கு ரேடியல் கம்பிகள். இரண்டையும் இணைப்பது 30 மீட்டர் ஆர்ஜி-58 கோஆக்ஸ் கேபிள் (நடுக் கம்பி, அதைச் சுற்றிக் காப்பு, அதன் மேல் செம்புப் பின்னல்). அதில் 8 மீட்டர் தேவையே இல்லாமல் மேசைக்கு அடியில் வளையமாகச் சுற்றிக் கிடக்கிறது. கடையில் வாங்கிய சுருளை வெட்ட மனம் வராமல் அப்படியே விட்டது. இரு முனையிலும் பிஎல்-259 கனெக்டர்கள். மேல் முனைக்குச் சாதாரண பிவிசி டேப் மட்டும்.

பொருத்திய அன்று எஸ்டபிள்யூஆர் 1.1 காட்டியது. ஒரு வடகிழக்குப் பருவமழை கடந்த பின் 1.15. குறுக்கு ஊசி மீட்டரில் இவ்விரண்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. எனவே ஆன்டெனா மீது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மைக்கை மாற்றிப் பார்த்தார்கள், ரிப்பீட்டருக்கான டோன் அமைப்பைச் சரிபார்த்தார்கள், பவர் சப்ளையின் 13.8 வோல்ட்டை அளந்தார்கள். எல்லாம் சரியாகவே இருந்தன.

இரண்டு தடயங்கள் தொடக்கத்திலேயே கண்ணில் பட்டிருக்க வேண்டும். ஒன்று, அனுப்புவதும் வாங்குவதும் ஒரே நேரத்தில் பலவீனமாயின. இறுதி நிலை டிரான்சிஸ்டர் பழுதானால் அனுப்புவது மட்டும்தான் குறையும். இரண்டும் சேர்ந்து குறைந்தால், இரண்டுக்கும் பொதுவான பாதையைத்தான் பார்க்க வேண்டும், அதாவது கேபிளும் ஆன்டெனாவும். இன்னொன்று, மொட்டை மாடியில் நின்று 5 வாட் கையடக்கக் கருவியில் கேட்டால், அதன் குட்டை ரப்பர் ஆன்டெனாவிலேயே ரிப்பீட்டர் சுத்தமாகக் கேட்டது.

சொல்லின் பொருள்

எஸ்டபிள்யூஆர் என்பதைத் தமிழில் நிலையலை விகிதம் எனலாம். கேபிள் வழியே ஓர் அலை மேலே போகிறது. முனையில் உள்ள சுமை கேபிளின் 50 ஓம் மின்மறுப்புக்கு (இம்பீடன்ஸ்) பொருந்தாவிட்டால் அலையின் ஒரு பகுதி திரும்பி வருகிறது. போகும் அலையும் வரும் அலையும் சில இடங்களில் கூடி மின்னழுத்தம் உயர்கிறது, சில இடங்களில் கழிந்து தாழ்கிறது. இந்த மேடும் பள்ளமும் கேபிளில் நகராமல் அதே இடத்தில் நிற்பதால்தான் நிலையலை என்ற பெயர். மேட்டின் மின்னழுத்தத்தைப் பள்ளத்தின் மின்னழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பது நிலையலை விகிதம். ஆர்ஜி-58 போன்ற திட பாலிஎத்திலீன் கேபிளில் 145 மெகாஹெர்ட்ஸில் அடுத்தடுத்த இரண்டு மேடுகளுக்கு இடையே சுமார் 68 செ.மீ. இருக்கும், வெற்றிடத்து அரை அலை நீளமான 103 செ.மீ.யை, கேபிளின் வேகக் காரணியான 0.66 ஆல் பெருக்கினால் வருவது. 1888-இல் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் சுவரில் மாட்டிய துத்தநாகத் தகட்டில் அலையை மோதவிட்டு, அறைக்குள் மேடு பள்ளங்களைத் தேடி அலைநீளத்தை அளந்தாரே, அதே நிகழ்வுதான் கேபிளுக்குள்ளும் நடக்கிறது.

இன்றைய மீட்டர்கள் மேடு பள்ளத்தைத் தேடுவதில்லை. போகும் பவரையும் திரும்பும் பவரையும் தனித்தனியே உணர்ந்து கணக்கிடுகின்றன. திரும்பும் பவரைப் போகும் பவரால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் பிரதிபலிப்புக் கெழு கிடைக்கும். ஒன்றோடு அதைக் கூட்டி, ஒன்றிலிருந்து அதைக் கழித்ததால் வகுத்தால் எஸ்டபிள்யூஆர். 100 வாட் போய் 4 வாட் திரும்பினால் கெழு 0.2, 1.2-ஐ 0.8-ஆல் வகுக்க 1.5.

ஆக, மீட்டருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: தான் இருக்கும் இடத்தில் எவ்வளவு போயிற்று, எவ்வளவு திரும்பியது. திரும்பாத மீதி எங்கே போனது என்பது அதற்குத் தெரியாது. ஆன்டெனா வழியாக வானில் பரவினாலும் திரும்பாது. வழியில் கேபிளைச் சூடாக்கி வீணானாலும் திரும்பாது. ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் 50 ஓம் மின்தடையான டம்மி லோடு இதற்கு நேர் உதாரணம். அது 1.0 காட்டும், கிட்டத்தட்ட எதையும் ஒலிபரப்பாது.

இழப்புள்ள கேபிள் எப்படி எண்ணை அழகாக்குகிறது

புதிய ஆர்ஜி-58 கேபிளில் 2 மீட்டர் பட்டையில் மீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபெல் இழப்பு (3 டெசிபெல் இழந்தால் பவர் பாதி, 10 இழந்தால் பத்தில் ஒன்று). 30 மீட்டருக்கு 6 டெசிபெல். 50 வாட்டில் மேலே போய்ச் சேர்வது 12.5 வாட்தான், அதுவும் எல்லாம் புதிதாக, சரியாக இருக்கும் நாளில். திரும்பி வரும் அலையும் அதே 30 மீட்டரைக் கடந்துதான் மீட்டருக்கு வர வேண்டும். அதற்கும் 6 டெசிபெல். மொத்தம் 12 டெசிபெல் தேய்ந்த அலையைத்தான் மீட்டர் பார்க்கிறது.

விளைவைப் பாருங்கள். ஆன்டெனா முனையில் உண்மையான எஸ்டபிள்யூஆர் 2 என்றால், ரேடியோ முனையில் 1.18 தெரியும். மேலே 3 என்றால் கீழே 1.29. மேலே 5 என்றால் 1.4. மேலே 10 என்றால் 1.52. ஆன்டெனாவையே கழற்றி எடுத்துவிட்டு முனையைத் திறந்து விட்டால், மேலே எண் முடிவிலி; கீழே மீட்டர் காட்டுவது 1.67. ஆன்டெனா இல்லாத நிலையத்துக்குக் கிடைக்கும் மதிப்பெண் இது. பலர் இதைப் பார்த்து, கொஞ்சம் நீளத்தைத் திருத்தினால் போதும் என்று நினைத்துவிடுவார்கள்.

எச்எஃப்பில் (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டைகளில்) பழகியவர்கள் இங்கே ஏமாறுவதற்கும் காரணம் உண்டு. அதே 30 மீட்டர் கேபிளின் இழப்பு 7 மெகாஹெர்ட்ஸில் ஒரு டெசிபெலை ஒட்டித்தான் இருக்கும். அங்கே ஆன்டெனா கழன்றால் மீட்டர் 7-க்கு மேல் போய் உடனே காட்டிக்கொடுக்கும். அந்த அனுபவத்தில் மீட்டர் மீது வளர்ந்த நம்பிக்கையை 145 மெகாஹெர்ட்ஸுக்கு அப்படியே கொண்டுவரக் கூடாது.

பரிசோதனை

முதலில் ரேடியோவின் பின்னால் நேரடியாக மீட்டரும் டம்மி லோடும். 50 வாட் வருகிறது, எஸ்டபிள்யூஆர் 1.0-ஐ ஒட்டி நிற்கிறது. ரேடியோவும் மீட்டரும் குற்றமற்றவை. ஐந்து நிமிட வேலைதான், ஆனால் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அடுத்து அதிர்வெண்ணை மாற்றிப் பார்க்க வேண்டும். நல்ல கேபிளில் உள்ள மெல்லிய கம்பி ஆன்டெனா, தன் அதிர்வெண்ணிலிருந்து விலக விலக எஸ்டபிள்யூஆரைக் கண்டிப்பாக உயர்த்தும். நானோவிஎன்ஏ என்ற, அதிர்வெண் வாரியாக அளக்கும் சிறு கருவியில் 130 முதல் 160 மெகாஹெர்ட்ஸ் வரை அலசினால் ஒரு கிண்ணம் போன்ற வளைவு தெரிய வேண்டும். இந்த நிலையத்தில் வந்தது ஏறக்குறைய நேர்கோடு. எங்கு பார்த்தாலும் 1.2-க்குள். இவ்வளவு சமமான கோடு நல்ல ஆன்டெனாவிலிருந்து வராது. கோடு தட்டையாகத் தெரிந்தால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள்.

மூன்றாவது சோதனைதான் தீர்ப்பு சொல்வது. மேலே போய் ஆன்டெனாவைக் கழற்றி, கேபிள் முனையைத் திறந்து விட வேண்டும். கீழே நானோவிஎன்ஏவை அதன் ஓப்பன், ஷார்ட், லோடு மூன்றாலும் சரிபடுத்தி, ரிட்டர்ன் லாஸை, அதாவது போன அலையைவிடத் திரும்பிய அலை எத்தனை டெசிபெல் குறைவு என்பதைப் படிக்க வேண்டும். இதை ரேடியோவின் முழு பவரில் செய்யாதீர்கள். கேபிள் நன்றாக இருந்துவிட்டால் திரும்பும் பவர் இறுதி நிலையைப் பதம் பார்க்கும். திறந்த முனை அலையை முழுவதுமாகத் திருப்பி அனுப்புவதால், வருகிற ரிட்டர்ன் லாஸில் பாதிதான் கேபிளின் ஒருவழி இழப்பு. கோடு ஏறி இறங்கித் தெரிந்தால் நடு மதிப்பை எடுக்கலாம். முனையை ஷார்ட் செய்து இன்னொரு முறை அளந்து சராசரி எடுத்தால் இன்னும் நம்பலாம்.

புதிய கேபிளுக்கு இங்கே 12 டெசிபெல் வர வேண்டும். வந்தது 20. ஒருவழி இழப்பு 10 டெசிபெல். எஸ்டபிள்யூஆராகச் சொன்னால் 1.22. ஆன்டெனா கையில் இருக்கிறது, கேபிள் வெறும் முனையோடு காற்றில் தொங்குகிறது, கீழே 1.22.

உறுதிப்படுத்த, அதே வாட் மீட்டரையும் டம்மி லோடையும் மாடிக்கு எடுத்துப்போய்க் கேபிளின் மேல் முனையில் மாட்டி, கீழே ஒருவரை ஐந்து விநாடி பிடிடியை (பேசும் பொத்தானை) அழுத்தச் சொல்ல வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே மீட்டராக இருப்பது முக்கியம். வேறு வேறு மீட்டர் வைத்தால் அவற்றின் பிழையே குழப்பும். கீழே 50 வாட், மேலே 5 வாட். கேபிள் 45 வாட்டைத் தின்றுவிட்டது. மாடியில் வேலை செய்யும்போது கம்பத்தைச் சாய்த்தாலும் நிமிர்த்தினாலும் அது தெரு மின்கம்பியை எட்டாது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஆன்டெனாவின் அடியிலேயே ஒரு சிறு துண்டு கேபிளில் அளந்தால் எஸ்டபிள்யூஆர் 6. இப்போது கணக்கு முழுதாகப் பொருந்துகிறது. மேலே சேர்ந்த 5 வாட்டில் 51 விழுக்காடு, அதாவது 2.55 வாட், திரும்புகிறது. அது கீழே வருவதற்குள் மறுபடி பத்தில் ஒன்றாகி 0.25 வாட் ஆகிறது. 50 போய் 0.25 திரும்பினால் மீட்டர் 1.15 தான் காட்டும். அது பொய் சொல்லவில்லை. தன் இடத்தில் நடந்ததைச் சரியாகவே சொன்னது. ஆன்டெனா ஏற்றுக்கொண்டது சுமார் 2.45 வாட். முதல் நாளில் 12 வாட்டுக்குச் சற்று மேல் ஏற்றுக்கொண்ட ஆன்டெனா அது. 7 டெசிபெல் சரிவு, ஊசியில் ஒரு முடி அளவு கூட அசைவில்லை.

வாங்கும் பக்கம் இன்னும் மோசம். ரிசீவருக்கு முன்னால் உள்ள 10 டெசிபெல் கேபிள் இழப்பு, ரிசீவரின் இரைச்சல் எண்ணில் (அது தானே சேர்க்கும் இரைச்சலின் அளவில்) அப்படியே 10 டெசிபெலைக் கூட்டுகிறது. கீழே எவ்வளவு பெருக்கினாலும் வழியில் இழந்த சிக்னலைத் திரும்பப் பெற முடியாது.

கேபிளைப் பிரித்தபோது

மேல் முனையின் டேப்பை உரித்தால் பசை கூழாகிக் கையில் ஒட்டுகிறது. கனெக்டரின் நடு ஊசியைச் சுற்றிப் பச்சைப் பூஞ்சை போன்ற தாமிரத் துரு. ரேடியல்களை இறுக்கிய திருகுகள் இரும்பு. அலுமினியத்தோடும் உப்புக் காற்றோடும் சேர்ந்து அவை பழுப்புத் தூளாகியிருந்தன. ரேடியல் கண்ணுக்கு இணைந்தது போல் தெரிந்தாலும் மின்சாரத்துக்கு இணைப்பில்லை. எஸ்டபிள்யூஆர் 6 ஆனதற்கு இதுவே காரணம்.

கேபிளின் வெளி உறையை 30 செ.மீ. உரித்தால் பின்னல் கறுத்திருக்கிறது. வெட்டிவிட்டு இன்னும் 30 செ.மீ., அங்கும் கறுப்பு. இரண்டு மீட்டர் தாண்டியும் பளபளப்பான செம்பு வரவில்லை. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போலப் பின்னலின் இழைகளுக்கு நடுவே நீர் நுண்துளைக் கவர்ச்சியால் ஏறியும் இறங்கியும் ஓடியிருக்கிறது. கோஆக்ஸில் வெளிக் கடத்தியின் மின்னோட்டம் பின்னலின் உட்புறத் தோலில்தான் ஓடுகிறது. அங்கே ஒவ்வொரு இழையும் இன்னொன்றின் மேல் ஏறி இறங்குவதால், இழைகள் தொடும் இடங்கள் சுத்தமாக இருக்க வேண்டும். துரு படிந்தால் தடை ஏறுகிறது. ஈரத்தின் இழப்பும் சேர்கிறது. ஓம் மீட்டரில் பார்த்தால் இந்தக் கேபிள் முழுக்க நல்லதாகவே தெரியும். நேர் மின்சாரத்துக்கு ஏதோ ஓர் இழை தொட்டிருந்தாலே போதும்.

இப்படி நீர் குடித்த கேபிளைக் காயவைத்துப் பயன்படுத்த முயல வேண்டாம். நீர் போனாலும் துரு போகாது.

திருத்தம்

கேபிளை ஆர்ஜி-213 ஆக மாற்றினார்கள். இந்தப் பட்டையில் 100 மீட்டருக்குச் சுமார் 9 டெசிபெல். மேசைக்கு அடியில் கிடந்த 8 மீட்டர் வளையத்தை ஒழித்து 22 மீட்டராகக் குறைத்ததில் இழப்பு 2 டெசிபெல்தான். (பழைய கேபிளில் அந்த வளையம் மட்டும் 1.6 டெசிபெலைச் சும்மா எடுத்துக்கொண்டிருந்தது.) கூடுதல் பணம் இருந்தால் 400 வகை நுரைக் காப்புக் கேபிளில் இதை ஒரு டெசிபெலை ஒட்டிக் கொண்டுவரலாம். அதைக் கூர்மையாக மடிக்கக் கூடாது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆன்டெனாவில் எவர்சில்வர் திருகுகள். படுக்கையாக இருந்த ரேடியல்களை 45 பாகை கீழ்நோக்கி வளைத்தார்கள். படுக்கை ரேடியல்களோடு கால் அலைக் கம்பியின் மின்மறுப்பு 36 ஓமை ஒட்டி இருக்கும். வளைக்க வளைக்க அது 50-ஐ நோக்கி ஏறும். ஆன்டெனா அடியில் அளந்தபோது 1.3.

மேல் முனையை மூடுவதில்தான் அடுத்த மழைக்காலத்தின் தலையெழுத்து இருக்கிறது. தனக்குத்தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை அதன் அகலம் குறையும் அளவுக்கு இழுத்து, பாதிக்குப் பாதி மேலேறும்படி சுற்ற வேண்டும். கீழிருந்து மேலே சுற்றினால் ஓட்டுக்கூரை போல மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மேல் படியும், நீர் வழிந்துவிடும். மேலிருந்து கீழே சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் நீரை ஏந்தும். அதன் மேல் வெயில் தாங்கும் பிவிசி டேப் ஒரு அடுக்கு. கனெக்டருக்குக் கீழே கேபிளைத் தொங்கலாக ஒரு வளைவு விட்டுக் கம்பத்தில் கட்ட வேண்டும். சன்னல் வழியே உள்ளே நுழையுமுன் இன்னொரு வளைவு. சிலிகான் பூசுபவர்கள் வினிகர் வாடை அடிக்கும் வகையைத் தவிர்க்க வேண்டும். காயும்போது அது விடும் அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும். எதை மூடுகிறோமோ அதையே அது கெடுத்துவிடும்.

வேலை முடிந்து ரேடியோ முனையில் பார்த்தால் எஸ்டபிள்யூஆர் 1.18. கெட்டுப்போன நிலையில் 1.15, புதுப்பித்த பின் 1.18! எண்ணை மட்டும் பார்ப்பவர் வேலை கெட்டுவிட்டது என்று கவலைப்படுவார். ஆனால் மேலே சேர்வது 31.5 வாட், ஆன்டெனா ஏற்பது 31 வாட். முன்பு இருந்த 2.45-ஐப் போல 12 மடங்குக்கு மேல், 11 டெசிபெல் ஏற்றம். ரிப்பீட்டர் முதல் அழுத்தத்திலேயே திறந்தது.

சொல்லைப் பயன்படுத்தும் விதம்

எஸ்டபிள்யூஆர் பற்றிப் பேசும்போது எந்த இடத்தில் அளந்தது, இடையில் என்ன கேபிள், எத்தனை மீட்டர், எந்த அதிர்வெண் என்று சேர்த்துச் சொல்லுங்கள். "என் ஆன்டெனாவின் எஸ்டபிள்யூஆர் 1.1" என்ற வாக்கியத்துக்கு இவை இல்லாமல் பொருள் இல்லை.

மறுபக்கத்து மிகையும் உண்டு. 1.5 காட்டுகிறதே என்று மாடிக்கும் அறைக்கும் நாள் முழுக்க ஏறி இறங்குபவர்கள் இருக்கிறார்கள். 1.5-இல் திரும்புவது 4 விழுக்காடு, 0.18 டெசிபெல்; எதிர்முனையில் யார் காதுக்கும் எட்டாது. 2-இல் 11 விழுக்காடு, அரை டெசிபெல். திரும்பிய பவர் எல்லாம் வீணானது என்பதும் சரியல்ல. இழப்பு குறைந்த ஃபீட்லைனில் (ஆன்டெனாவுக்குப் பவர் கொண்டுபோகும் கம்பியில்) அது, ரேடியோவுக்குப் பொருத்தம் செய்து தரும் டியூனரில் மோதி மறுபடி மேலே போகிறது. எச்எஃப்பில் ஏணிக்கம்பி ஃபீடரில் எஸ்டபிள்யூஆர் 10 இருந்தும் நன்றாக வேலை செய்யும் நிலையங்கள் உண்டு. 2-ஐத் தாண்டும்போது பெரும்பாலும் நம் கவலை ரேடியோவைப் பற்றியது: பாதுகாப்புச் சுற்று தன் பவரைத் தானே குறைத்துக்கொள்ளும்.

கேபிள் நீளத்தை ஒரு சாண் மாற்றினால் எண் மாறுகிறது என்றால், அது வேறு நோய். கேபிளின் வெளிப் பின்னலில் பொதுமுறை மின்னோட்டம் ஓடி, கேபிளே ஆன்டெனாவின் பகுதியாகியிருக்கலாம். ஆன்டெனாவுக்கு அடியில் கேபிளின் மேல் சில ஃபெரைட் மணிகளைக் கோத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நீளம் திருத்துவதால் அது குணமாகாது.

இந்த நிலையத்தில் கேபிளின் கீழ் முனையில் இப்போது ஒரு சிறு சீட்டு ஒட்டியிருக்கிறது. பொருத்திய தேதி, ஆர்ஜி-213, 22 மீட்டர், 145 மெகாஹெர்ட்ஸ், மேல் முனை திறந்த நிலையில் ரிட்டர்ன் லாஸ் 4 டெசிபெல். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் ஆன்டெனாவைக் கழற்றி அதே அளவை மறுபடி எடுக்கிறார்கள். 4 என்பது 6 ஆகிவிட்டால் கேபிளில் இன்னும் ஒரு டெசிபெல் கூடிவிட்டது. அன்றைக்கே மேல் முனையின் டேப்பை உரித்துப் பார்த்துவிட வேண்டும்.